பச்சை அலமாரியும் நடு டிராயரும்

போன வாரம் டீச்சரை அவருடைய அறை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், வாரம் முழுக்க நின்றிருப்பார். வயசான மனுஷி. முதலில் உள்ளே அழைத்துப்போய் உட்கார வைப்போம், மற்றதை அப்புறம் பேசலாம்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டீச்சர் என்பது மாமியார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டில் இருப்பவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். மருமகள் மட்டும் 'அத்தை' என்பாள்.

மருமகளுக்குத் தொழில், பழைய மரச்சாமான்களுக்குப் புது நிறம் கொடுப்பது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் காரைத் தவிர எல்லாம் இருக்கும். காலொடிந்த நாற்காலி, கண்ணாடி போன டிரெஸ்ஸிங் டேபிள், யாரோ வேண்டாமென்று தள்ளிய கட்டில் தலைமாடு. எல்லாவற்றுக்கும் அவள் கையில் ஒரு மறுபிறவி உண்டு.

சாக் பெயின்ட் என்று ஒன்று. சாக்பீஸ் போல மங்கலாகக் காயும். பழைய பாலிஷைச் சுரண்ட வேண்டியதில்லை, அதன் மேலேயே பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு மஞ்சள். அது காய்ந்ததும் விளிம்புகளில் மட்டும் மெழுகுத் துண்டால் ஒரு தேய்ப்பு. அதன் மேல் பச்சை. பச்சையும் காய்ந்த பிறகு உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் பச்சை உரிந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். பல வருஷம் புழங்கிய சாமான் மாதிரி ஆகிவிடும். கடைசியாக மொத்தத்துக்கும் மெழுகு பூசித் துணியால் தேய்த்து மினுக்க வேண்டும்.

"ஊர்ல எல்லாரும் பழசைப் புதுசாக்குவாங்க. நீ புதுசா அடிச்சு அதைப் பழசாக்கறே. இதுக்குக் காசு குடுக்கவும் ஆளு இருக்கு பாரு," என்பார் டீச்சர். சொல்லிவிட்டு, ஷெட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருநாள் தன்னுடைய டிராயர் அலமாரிக்கும் பச்சை வேண்டும் என்றார். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். விளிம்பு எவ்வளவு உரிய வேண்டும் என்று விரலால் அளந்து காட்டியதும் அவர்தான். வேலை முடிந்து, அலமாரியை அறையில் கொண்டுபோய் வைத்து, மருமகள் ஆசை ஆசையாகக் கூப்பிட்டாள். டீச்சர் வந்தார். வாசலில் நின்றார்.

"இந்த அலமாரி என்னுது இல்ல," என்றார்.

அங்கேதான் போன வாரம் விட்டோம்.

அதற்குப் பிறகும் டீச்சர் இறங்கி வரவில்லை. துணிமணியெல்லாம் கூடையில் கிடக்கிறது. "அடுத்தவங்க அலமாரியில என் துணியை வெக்க மாட்டேன்," என்று ஒரே பிடி. மகன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்த எஞ்சினையும் பிரித்துப் போட்டுச் சேர்த்துவிடுவான், வீட்டு விஷயம் மட்டும் அவனுக்குப் பிடிபடாது.

"நீ சொல்றதும் சரிதான், அம்மா சொல்றதும் சரிதான்," என்றான்.

"ரெண்டும் எப்படிங்க சரியாகும்? ஒரே அலமாரிதானே?"

"அதான் எனக்கும் புரியல," என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டான். புத்திசாலி.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் வீட்டுக்கு வீடு வாசற்படி என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. டீச்சர் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பியிருக்கிறார், பாத்திரம் கருகிவிட்டது. மகனைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் போன் வழியாக வெளியூரில் இருக்கும் மகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகளுக்கு வீட்டில் ஆடிட்டர் என்று பேர். தொழிலும் அதுதான், சுபாவமும் அதுதான்.

ஆடிட்டர் மறதி டாக்டரிடம் இன்றைக்குச் சாயந்திரம் நேரம் வாங்கிவிட்டாள். காலை ரயிலில் வருகிறாள். போனிலேயே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

"பாத்திரம் கருகறதெல்லாம் எனக்கும் நடக்குது அண்ணி. பேரு மாறறதும் நடக்கும். ஆனா முப்பது வருஷமா தொட்டுத் தொடச்ச அலமாரியைத் தெரியலன்னா அது வேற. நேர்ல வந்து பார்க்கறேன். அம்மா சொல்றது தப்புன்னா, அம்மாவை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க ஷெட்ல இருப்பீங்க, அண்ணன் டிப்போல இருப்பான். அம்மாவை யாரு பார்த்துக்கறது?"

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெற்ற மகள், கவலைப்படத்தான் செய்வாள்.

ஆனால் மருமகள் பக்கமும் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு மாமியார் என்றால் நடுக்கம். இப்போது அந்த ஸ்டூல் காலியாக இருந்தால் பிரஷ் ஓடாது. "இந்த நீலம் தண்ணி ஊத்தின பால் மாதிரி இருக்கு" என்று யாராவது திட்டினால்தான் அவளுக்கு நிறமே கண்ணுக்குத் தெரியும். அவளுக்கு டீச்சர் வேண்டும். இங்கேயே வேண்டும். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை.

நம்பிக்கைக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. தெருக்கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தன் டிராயர் அலமாரியையும் அதே சமயத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார். ரெண்டும் ஒரே பட்டறையில் செய்தது, ஒரே அளவு, ஒரே குமிழ். டீச்சர் அலமாரியின் பச்சையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதையே அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காய்ந்தன. ஒருவேளை மாற்றி அனுப்பியிருந்தால்?

அப்படியென்றால் டீச்சர் சொன்னது சரி. டீச்சர் எங்கேயும் போக வேண்டாம்.

தான் சொதப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தொழில்காரியை நான் இந்த மருமகளிடம்தான் பார்த்தேன்.

டீச்சர் கூடத்தில் பேப்பர் படிக்க உட்கார்ந்ததும், மருமகள் டர்பன்டைனும் பழைய துணியும் உப்புத்தாளுமாக அறைக்குள் நுழைந்தாள். அலமாரியைச் சுவரிலிருந்து மெள்ள இழுத்தாள். பின்பக்கத்துக் கால் ஒன்றில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, முதலில் மெழுகைத் துடைத்து எடுத்தாள். மெழுகு இருந்தால் உப்புத்தாள் வழுக்கும், வெறுமனே அப்பிக்கொள்ளும். பிறகு தேய்த்தாள்.

பச்சை போனது. மஞ்சள் வந்தது.

ரெண்டு அலமாரிக்கும் மஞ்சள்தான் அடியில், அதனால் இதுவரை ஒன்றும் தெரியாது. இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் அலமாரியின் கால் வெறும் பழுப்பு. டீச்சர் அலமாரிக்கு அப்படியில்லை. காலம்சென்ற மாமனார், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை வீணாக்க மனசில்லாமல் அலமாரியின் காலுக்கு அடித்து வைத்திருந்தார். டீச்சர் அதற்காக அவரை எத்தனை வருஷம் திட்டினார் என்று கணக்கே இல்லை.

பழுப்பு வரட்டும், பழுப்பு வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

நீலம் வந்தது.

இன்னொரு காலையும் தேய்த்துப் பார்த்தாள். அதிலும் நீலம். வேறு எந்த வீட்டு ஜன்னலுக்கும் இல்லாத, மாமனாரின் சொந்த நீலம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்குத் தன் அலமாரியைத் தெரியவில்லை. அப்படியென்றால் நிஜமாகவே அத்தைக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது.

"அங்க என்ன பண்றே?"

டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பேப்பர், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"ஒண்ணுமில்ல அத்தை. கால்ல லேசா உரிஞ்சிருந்துச்சு."

"அடுத்தவங்க சாமானைச் சுரண்டாதே. எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வா." ரெண்டு அடி உள்ளே வந்து, அலமாரியின் மேல் விளிம்பை உற்றுப் பார்த்தார். "இந்தப் பக்கம் மஞ்சள் ரொம்ப வந்துடுச்சு, அந்தப் பக்கம் வரவே இல்ல. ஒரு நெதானம் வேண்டாமா? நீ என்ன வேலை செய்யறே."

மருமகள் பார்த்தாள். சொன்னது உண்மை. அவள் கவனிக்காமல் விட்டது. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற மனுஷிக்கா புத்தி தடுமாறுகிறது? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆடிட்டர் வந்து சேர்ந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் போன், முகத்தில் ராத்திரி தூங்காத களை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான், உடனே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏன், உங்க ஆபீஸ்ல காலண்டர் மாட்டலையா?"

"சொல்லேன்."

"வியாழக்கிழமை. நீ லீவு போட்டுட்டு வந்திருக்கே. உங்க மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்டிருப்பான்."

"பதினேழைப் பதினெட்டால பெருக்கினா?"

"முந்நூத்தி ஆறு. இதைவிடக் கஷ்டமா ஆறாங்கிளாஸ் பசங்களுக்குக் கேப்பேன். நீ எதுக்கு இப்ப எனக்குப் பரீட்சை வெக்கறே?"

ஆடிட்டர் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"சரிம்மா. அந்த அலமாரி?"

டீச்சரின் முகம் இறுகியது. "என்னுது இல்ல. எத்தனை தடவை சொல்றது? களைப்பா இருக்கு, கொஞ்சம் படுக்கறேன்." எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆடிட்டர் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு, "வாங்க அண்ணி, ஷெட்டுக்குப் போலாம்," என்றாள். ரெண்டு பேரும் ஷெட்டுக்கு வந்தார்கள். ஆடிட்டர் டீச்சரின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மருமகள் உட்காரவில்லை, எதையோ தேடுவது போலப் பிரஷ்களை எடுத்து எடுத்து வைத்தாள்.

"நான் உங்களை நம்பறேன் அண்ணி. உங்க சாமான் உங்களுக்குத் தெரியும். நேரா சொல்லிடுங்க, அந்த அலமாரி யாருது?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மருமகளுக்கும் தெரிந்திருக்காது, ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"கண்ணாடிக் கடைக்காரரோடது. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா, நான்தான் மாத்தி அனுப்பிட்டேன்."

ஆடிட்டரின் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. உடனே அது கோபமாயிற்று.

"மாத்தி அனுப்பிட்டீங்களா? அலமாரி வந்த அன்னைக்கே அம்மா சொல்லியிருக்கா, என்னுது இல்லன்னு. நீங்க வாயைத் தெறக்கவே இல்ல. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு எல்லாரும் நெனச்சோம். நான் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, ரயிலேறி வந்து நிக்கறேன்."

"தப்புதான்."

"அப்பா வாங்கிக் குடுத்த அலமாரி அது. யாரோ வீட்ல நிக்குது. இத்தனை நாளா தொழில் பண்றீங்க, யாரு சாமான் எதுன்னு பார்த்து அனுப்பத் தெரியாதா?"

மருமகளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. செய்யாத தப்புக்கு வாங்குகிற திட்டு, செய்த தப்புக்கு வாங்குவதைவிட வலிக்கும். இருந்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அத்தை இருக்கட்டும், பேர் கெட்டால் கெடட்டும்.

"சரி, அவருக்குப் போன் போடுங்க," என்றாள் ஆடிட்டர்.

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவள் பொய்யை ஆடிட்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக் கடைக்காரர் "என் அலமாரி என்கிட்டதானே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தமும் நாறிவிடும். ஒளிய இடமில்லை. நம்பரைப் போட்டாள். ஆடிட்டர் கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வணக்கம்மா," என்றார் அவர். "நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"சொல்லுங்க சார்."

"அலமாரி அருமையா இருக்கு. பார்க்கறவங்க எல்லாம் கேக்கறாங்க. ஆனா ஒண்ணு. அந்த நடு டிராயர் மட்டும் மூட மாட்டேங்குது. பாதியில நிக்குது. அடியில கையைக் குடுத்துத் தூக்கி அமுக்கினாத்தான் உள்ள போகுது. முன்னாடி இந்தத் தொல்லையே இல்லம்மா. பெயின்ட் கெட்டியா ஆயிடுச்சோ என்னமோ."

ஆடிட்டர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"தூக்கி அமுக்கணுமா?"

"ஆமா. நீங்க யாரு?"

"அது எங்க டிராயர்," என்றாள் ஆடிட்டர். "சின்ன வயசுல நாங்க முழங்காலால முட்டித் தூக்குவோம். அம்மா திட்டுவா. சார், அது எங்க அம்மாவோட டிராயர்."

மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். தான் சொன்னது பொய்யாச்சே. அது எப்படி நிஜமாயிற்று? காலில் மாமனாரின் நீலத்தைத் தன் கையாலேயே தேய்த்துப் பார்த்தாளே. அலமாரி இங்கே இருக்கிறது, அதன் டிராயர் அங்கே எப்படிப் போயிற்று?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெற்றியில் அறைந்துகொண்டாள்.

பெயின்ட் அடிக்கும்போது டிராயர்களை உருவித் தனியே வைத்து அடிப்பது வழக்கம். எந்த டிராயர் எந்த அலமாரிக்கு என்று பின்பலகையில் பென்சிலால் குறித்துவைப்பாள். அன்றைக்குப் பென்சில் அகப்படவில்லை. எல்லா டிராயரும் முகப்பு மேலே தெரிய வரிசையாகப் படுத்துக் கிடந்தன. டீச்சரின் சாக்பீஸ் துண்டு ஒன்று கைக்கு அகப்பட்டது. முகப்பிலேயே அழகாக எழுதினாள், 'அத்தை', 'கடை' என்று. பிறகு அதே முகப்பின் மேல் மஞ்சளை அடித்தாள். மஞ்சளின் மேல் பச்சையை அடித்தாள். அடையாளத்தை எழுதி அதன் மேலேயே பெயின்ட் பூசுகிற சாமர்த்தியம் யாருக்கு வரும்?

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அலமாரி மாறல. டிராயர்தான் மாறியிருக்கு. உடம்பு அத்தையோடது. டிராயர் அவரோடது."

"அப்ப மாத்தி அனுப்பிட்டேன்னீங்க?"

"அது..." என்று மருமகள் இழுத்தாள். "உடம்பு அத்தையோடதுதான்னு காலையிலேயே தேய்ச்சுப் பார்த்துத் தெரிஞ்சுகிட்டேன். அத்தையை நீ கூட்டிட்டுப் போயிடுவேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

ஆடிட்டர் அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று மருமகள் காத்திருந்தாள். ஆடிட்டர் கோபப்படவில்லை. போனில் கண்ணாடிக் கடைக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தன் டிராயர் மாறியதைக் கவனிக்கவில்லை. கடையை மூடியதும் டிராயர்களை எடுத்துவரச் சொல்லி, ஆடிட்டரே போனை வைத்தாள்.

"நீங்க சரியான ஆளு அண்ணி. திட்டும்போது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

"தப்பு என்னுதுதானே. எப்படிப் பார்த்தாலும்."

"அதை விடுங்க. அம்மாவைப் பாருங்க. நாம எல்லாரும் வெளியில பச்சையைப் பார்த்துகிட்டிருந்தோம். அம்மா டிராயரை இழுத்துப் பார்த்திருக்கா. தூக்காமலேயே மூடியிருக்கு. உடனே சொல்லிட்டா, என்னுது இல்லன்னு." ஆடிட்டர் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கா மறதி? நமக்கெல்லாம் பாடம் எடுப்பா."

"அப்ப, கூட்டிட்டுப் போகமாட்டியே?"

"எதுக்கு? இங்கயே இருக்கட்டும். உங்களைத் திட்டிகிட்டு." வெளியே நடந்துகொண்டே சொன்னாள், "அண்ணனுக்குப் போன் பண்றேன். அவனும் பாவம், என்னமோன்னு கிடக்கான்."

மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக டீச்சரின் அறைக்குப் போனாள். டீச்சர் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே அந்தப் பச்சை அலமாரி.

"அத்தை, நீங்கதான் ஜெயிச்சீங்க. டிராயரை நான் மாத்திப் போட்டுட்டேன். உங்க டிராயர் எல்லாம் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுல இருக்கு. நீங்க இழுத்துப் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டீங்க, நாங்கதான் மரமண்டைங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நடு டிராயர் அத்தை. தூக்கி மூடணுமே, அது."

"நான் அதைத் தெறக்கவே இல்லையேம்மா," என்றார் டீச்சர்.

மருமகள் சிரிப்பை நிறுத்தவில்லை. சொன்னது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெறக்கலையா? பின்ன எப்படித் தெரிஞ்சுது?"

"கதவைச் சாத்து."

சாத்தினாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டே. வந்தேன். வாசல்ல வந்து நின்னேன். அலமாரியைத் தெரியாம இல்ல. இந்த ரூமே எனக்குத் தெரியல. கட்டில் தெரியல, ஜன்னல் தெரியல. யாரோ வீட்டுக்குள்ள வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு. நீ பக்கத்துல நின்னு, எப்படி இருக்கு அத்தைன்னு சிரிக்கறே. நான் என்னத்தைச் சொல்ல? ரூமே தெரியலன்னா நீ பயந்துடுவே. எதையாவது சொல்லணுமேன்னு, அலமாரி மேல பழியைப் போட்டேன்."

மருமகள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா சொன்னதைத் திருப்பி வாங்க முடியல. வாங்கினா ஏன் சொன்னேன்னு கேப்பீங்க." டீச்சர் அவளைப் பார்க்காமல் அலமாரியையே பார்த்தார். "முந்தாநேத்தும் ஒரு தடவை அப்படி ஆச்சு. சமையல்கட்டுல. பயமா இருக்கும்மா எனக்கு. அவகிட்ட சொல்லாதே. நான் இங்கயே இருக்கேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

வெளியே கூடத்தில் ஆடிட்டர் உற்சாகமாக அண்ணனிடம் பேசி முடிப்பது கேட்டது. செருப்புச் சத்தம் அறைப் பக்கம் வந்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு இன்னைக்கு வரலன்னு சொல்லிடட்டுமா?"

என்ன ஒரு கேள்வி. மதியம் வரை இந்தக் கேள்வியைக் கேட்க மருமகள் தவம் கிடந்தாள். 'சொல்லிடு' என்று ஒரு வார்த்தை போதும். டீச்சர் இங்கேயே இருப்பார், ஸ்டூலில் உட்கார்ந்து திட்டுவார். எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், அடுத்த முறை டீச்சர் எங்கேயாவது போய் நின்று, இது எந்த இடம் என்று விழிக்கும் வரைக்கும். அப்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால்?

டீச்சரின் விரல்கள் அவள் கையை இறுக்கின.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றாள். "போலாம். நானும் வர்றேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் இன்னும் கிட்டே வந்தது.

"ஏன் அண்ணி? அதான் அம்மா சரியாத்தானே சொல்லியிருக்கா? இப்ப எதுக்கு டாக்டர்?"

மருமகளுக்குப் பதில் தெரியும். சொன்னால் அத்தையைக் காட்டிக்கொடுத்தாகும், சொல்லாவிட்டால் இன்னொரு பொய்யாகும். காலையில் ஒரு பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொன்னவள், இப்போது உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தடுமாறினாள்.

டீச்சர் அவள் கையை விட்டார். எழுந்து நின்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான்தான்டி போலாம்னேன். நேரம் வாங்கிட்டுப் போகலன்னா அந்த டாக்டர் என்ன நெனப்பாரு? போய் வண்டிக்குச் சொல்லு."

"சரிம்மா," என்று ஆடிட்டர் நகர்ந்து போகும் சத்தம் கேட்டது.

மருமகளுக்கு உயிர் வந்தது. "அத்தை," என்றாள், அழுகையும் நன்றியுமாக. டீச்சர் கதவருகே போய்விட்டிருந்தார். தாழ்ப்பாளில் கைவைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"இனிமே உன்கிட்ட நான் எதையும் சொல்ல மாட்டேன்."

கதவைத் திறந்துகொண்டு மகளின் பின்னால் போனார்.